கிரண்ட் (1971): கவிழ்த்து வைத்த காய்க்கு அடியில் என்ன?

அறுகோணன் | கோவை | சனி இரவு 10.20

மைத்துனர் அமெரிக்காவிலிருந்து வந்தபோது எனக்கென்று ஒரு பழைய பத்திரிகை கொண்டுவந்தார். அவர் ஊரில் யாரோ வீட்டைக் காலி செய்கிறவர் வாசலில் கடை பரப்பியிருந்தாராம்; பன்னிரண்டு டாலர். ‘ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ்’, 26-ஆம் இதழ், 1971. இங்கே பாதிப் பேருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மீதிப் பேருக்கு: அந்தப் பத்திரிகையின் இதழோடு ஒரு முழுப் போர் ஆட்டமும் சேர்ந்தே வரும். மடித்த வரைபடம், அரை அங்குல அட்டைக் காய்கள், விதிகள் எல்லாம் உள்ளேயே. இந்த இதழில் வந்தது ‘கிரண்ட்’. வடிவமைத்தவர் ஜான் யங். அமெரிக்கக் காலாட்படைக்காரனுக்கு அவர்கள் ஊரில் வைத்த பட்டப்பெயர் அது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு முனகிக்கொண்டே நடப்பவன்.

இடம் வியட்நாம், காலம் 1965 வாக்கில். ஒருவர் அமெரிக்கர், இன்னொருவர் வியட்காங், அதாவது அவர்களை எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள். டாங்கிகள் அணிவகுக்கும் பெரிய போர் எதுவும் கிடையாது. வயல், காடு, குடிசைகள், அதற்குள் சின்னச் சின்ன அணிகள். அமெரிக்கக் காய்கள் முகம் தெரிய நிற்கும். எதிராளியின் காய்கள் கவிழ்ந்து கிடக்கும். பக்கத்தில் போய்த் திருப்பினால்தான் ஆளா, பதுக்கி வைத்த சாமானா, வெத்துக் காயா என்று தெரியும்.

என் சங்கடம் இதுதான். பதினேழு காய்களைக் காணோம். ஐம்பது வருஷத்துப் பத்திரிகையில் மீதியாவது மிஞ்சியதே என்று, வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி நானே செய்தேன். நல்ல கனம், அளவும் சரியாக வந்தது. இரண்டு ஆட்டம் போனது. மூன்றாவது ஆட்டத்தில் என் மகன் நேராகப் போய் மூன்று வியட்காங் அணிகளை அடுத்தடுத்துப் பிடித்துவிட்டான். வெத்துக் காய் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. எப்படிடா என்றால், “அப்பா, மூலையில மஞ்சள் இருக்கிறதெல்லாம் வெத்துக் காய்தானே?” என்கிறான்.

கல்யாணப் பத்திரிகை மூலையில் தடவிய மஞ்சள். காணாமல் போனதில் பெரும்பாலும் வெத்துக் காய்கள். அவ்வளவுதான், ரகசியம் போச்சு.

யாராவது வழி சொல்லுங்கள். அப்புறம் இந்த ஆட்டத்தை ஆடியவர்கள் இருந்தால் அனுபவத்தையும் எழுதுங்கள்.

தாயம்பன்னிரண்டு | மதுரை | சனி இரவு 10.41

உளவுத் துறைக்கே மஞ்சள் தடவி அழைப்பு வைத்திருக்கிறீர்கள் :)

எனக்கு டிரேடும் கேரமும்தான் தெரியும். இதில் சண்டை எப்படித் தீர்மானமாகிறது? தாயம் போலப் பெரிய எண் விழுந்தால் வெற்றியா?

பழைய_பெட்டி | பெங்களூரு | ஞாயிறு காலை 6.15

மஞ்சளுக்கு வழி சுலபம். எல்லாக் காய்களின் முதுகிலும், அசல் காய்களின் முதுகிலும்கூட, ஒரே காக்கித் தாளை ஒட்டிவிடுங்கள். அசலில் ஒட்ட மனசு வரவில்லையென்றால் எல்லாவற்றையும் நகலெடுத்து ஆடுங்கள், அசலைப் பூட்டி வையுங்கள். நான் அப்படித்தான். வரைபடம் மடிப்பில் எழும்பும், பழைய மேஜைக் கண்ணாடி ஒன்றை மேலே போட்டால் போதும். மின்விசிறியை மட்டும் போடாதீர்கள். 1998-இல் ஒரு மே மாதம் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு படைப்பிரிவே அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

தாயம் தம்பிக்கு: பெரிய எண் விழுந்தால் வெற்றி என்பதில்லை. அந்தக் காலப் போர் ஆட்டங்களில் ஒவ்வொரு காய்க்கும் ஒரு பலம் அச்சிட்டிருக்கும். அடிப்பவர் பலத்தை அடிபடுபவர் பலத்தால் வகுத்து, ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று விகிதம் எடுப்பார்கள். ஓர் அட்டவணை இருக்கும். விகிதம் எந்தப் பத்தி என்று சொல்லும், பகடை எந்த வரி என்று சொல்லும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ‘பின்வாங்கு’, ‘அழிந்தது’ என்று விடை. அதாவது அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டு, ஆனால் எல்லைக்குள்தான். ‘டாக்டிக்ஸ்’ என்ற பெயரில் 1954-இல் சார்லஸ் ராபர்ட்ஸ் ஓர் ஆட்டம் போட்டார். கடையில் விற்ற இந்த வகை ஆட்டங்களெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. சதுரக் கட்டம் போய் அறுகோணக் கட்டம் வந்தது 1961-இல்.

கிரண்டை வெளியிட்டது நியூயார்க்கின் எஸ்பிஐ. நம்ம ஊர் வங்கி இல்லை, ஜேம்ஸ் டன்னிகன் தொடங்கிய போர் ஆட்ட நிறுவனம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1968-இல் மாணவர்கள் கட்டடங்களைப் பிடித்து உட்கார்ந்தார்களே, அதையே மறுவருஷம் பலகை ஆட்டமாக்கிய ஆள் அவர். காய்களுக்கும் வரைபடத்துக்கும் அந்தச் சுத்தமான தோற்றத்தைக் கொடுத்தவர் ரெட்மண்ட் சைமன்சன். கிரண்டையே திருத்தி, பெரிதாக்கி, 1975-இல் ‘சர்ச் அண்ட் டெஸ்ட்ராய்’ என்று பெட்டியில் போட்டார்கள். என்னிடம் இருப்பது அதுதான்.

இந்த இரண்டு வருஷங்களையும் கொஞ்சம் பாருங்கள். 1971-இல் அந்தப் போர் முடியவில்லை. 1969 டிசம்பரில் அமெரிக்காவில் பிறந்த தேதிகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, யார் பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று எடுத்தார்கள். இந்த ஆட்டத்தை மேஜையில் விரித்த பையன்களில் பலர் அந்தக் குலுக்கலுக்கு உட்பட்ட வயதுக்காரர்கள். திருத்திய பதிப்பு வந்த 1975-இல், ஏப்ரல் 30 அன்று, தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்துவிட்டது.

அறுகோணன் | கோவை | ஞாயிறு காலை 9.02

காக்கித் தாள் ஒட்டியாகிவிட்டது. நன்றி அண்ணா.

மஞ்சளைப் பையன் கண்டுபிடிப்பதற்கு முன் ஆடியதில் ஒரு துண்டு சொல்கிறேன், அப்போதுதான் இது என்ன மாதிரி ஆட்டம் என்று விளங்கும். மகன் அமெரிக்கன். ஐந்து அணி, ஹெலிகாப்டரில் வந்து இறங்கியாயிற்று. எதிரே வயல், வயலுக்கு அப்பால் குடிசைகள், நடுவில் கவிழ்ந்த காய் நான்கு. முதல் காயைச் சுற்றி மூன்று அணிகளைக் கொண்டுவந்தான். திருப்பினான், வெத்து. இரண்டாவதற்கும் அதே ஏற்பாடு, இரண்டு சுற்று போனது. அதுவும் வெத்து. மூன்றாவதற்கு ஓர் அணியை மட்டும் அனுப்பினான். பையனுக்கு அலுத்துவிட்டது.

மூன்றாவதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஓர் அணி அடிபட்டதும் மீதி நான்கும் அங்கே ஓடிவருகின்றன. காயம் பட்டவனை எடுக்க வேண்டும், ஹெலிகாப்டருக்கு இடம் ஒழிக்க வேண்டும். அந்த நேரத்தில் குடிசைப் பக்கம் இருந்த என் பதுக்கல் சாமான் காட்டுக்குள் போய்விட்டது. நான் ஒரே ஒரு தடவைதான் சுட்டேன். மீதி வேலையை அவன் அலுப்பே செய்துகொடுத்தது.

நூலகப்பூனை | தஞ்சாவூர் | ஞாயிறு மாலை 4.30

படிக்கும்போது எனக்கு ஆடுபுலி ஆட்டம்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் கோயில் மண்டபத் தளத்திலேயே கட்டம் செதுக்கியிருக்கும். இருபத்து மூன்று முனை, மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கமும் ஒரே விதியில் ஆடுவதில்லை. புலி தாவி வெட்டும், ஆட்டுக்கு வெட்டத் தெரியாது, நெருக்கத்தான் தெரியும். புலிக்கு வேண்டியது எண்ணிக்கை, ஆட்டுக்கு வேண்டியது இடம். பலமுள்ளவனும் பலமில்லாதவனும் ஒரே பலகையில் வெவ்வேறு ஆட்டம் ஆடுகிறார்கள் என்பதை நம்ம ஊர்க் கிழவிகள் புளியங்கொட்டையை வைத்தே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இதற்கு எஸ்பிஐ எதற்கு?

தாயம்பன்னிரண்டு | மதுரை | ஞாயிறு மாலை 4.38

அப்படியென்றால் வியட்நாமில் புலி யார், ஆடு யார்?

நூலகப்பூனை | தஞ்சாவூர் | ஞாயிறு மாலை 4.55

அமெரிக்கன்தான் புலி. அதில் என்ன சந்தேகம்?

பழைய_பெட்டி | பெங்களூரு | ஞாயிறு மாலை 6.10

ஒரு வித்தியாசம் இருக்கிறது, பூனை. ஆடுபுலியில் பதினைந்து ஆடும் கண்ணுக்குத் தெரியும். கிரண்டில் எது ஆடு, எது புதர் என்று தெரியாது. சில சமயம் ஆடே தாவும். தன் கண்ணை நம்ப முடியாத புலியை அந்தப் பலகையில் காட்ட முடியாது.

எண்ணிக்கை என்று நீங்கள் சொன்னதுதான் மையம். 1965 நவம்பரில் இயா டிராங் பள்ளத்தாக்கு. ஹால் மூர் தலைமையில் சுமார் 450 அமெரிக்கத் துருப்புகள் ஹெலிகாப்டரில் எக்ஸ்ரே என்று பெயர் வைத்த வெட்டவெளியில் இறங்கினார்கள். மூன்று நாள் சண்டையில் 79 பேர் செத்தார்கள். அடுத்த நாளே, கொஞ்ச தூரத்தில் ஆல்பனி என்ற இடத்தில், வரிசையாக நடந்துபோன இன்னொரு பட்டாலியன் மாட்டி 155 பேர். எதிர்ப்பக்கம் அதைப் போல் பல மடங்கு செத்ததாகக் கணக்கு. தளபதி வெஸ்ட்மோர்லண்டு அந்தக் கணக்கைப் பார்த்து, இந்த வேகத்தில் கொன்றுகொண்டே போனால் அவர்களால் ஈடுகொடுக்க முடியாது என்று முடிவு கட்டினார். அங்கே கிடந்தவை பெரும்பாலும் வட வியட்நாமிலிருந்து வந்த முறையான பட்டாளத்தின் பிணங்கள். வயல்காட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பவனுக்கு அந்தக் கணக்கு பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை. வேட்டி என்று எழுதிவிட்டேன், அவர்கள் உடுத்துவது கருப்பு உடுப்பு. போகட்டும், விளங்கும்.

மட்டுவிலான் | டொராண்டோ | திங்கள் காலை 7.50

நான் இங்கே வாசித்துப் போகிறவன், எழுதுவது குறைவு. இதற்கு எழுத வேண்டும் போலிருந்தது.

‘சர்ச் அண்ட் டெஸ்ட்ராய்’ என்பதை நீங்கள் தேடி அழித்தல் என்று மொழிபெயர்ப்பீர்கள். இலங்கையில் போருக்குள் வளர்ந்த எங்களுக்கு அதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல் இருக்கிறது, சுற்றிவளைப்பு. விடியப்புறம் ஒழுங்கை முடக்கில் ஆமிக்காரர் நிற்பார்கள். எல்லோரையும் பள்ளிக்கூட வளவுக்கோ கோயில் வீதிக்கோ கூப்பிட்டு வெயிலில் வரிசையாக இருத்துவார்கள். ஒருவன் முகத்தை மூடிக்கொண்டு வாகனத்தில் இருப்பான், கண் மட்டும் தெரியும். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடக்க வேண்டும். அவன் தலையை ஆட்டினால் நீ ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் நீ வீட்டுக்கு. அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். நான் அந்த வரிசையில் நடந்தபோது எனக்குப் பதினாறு வயது.

அறுகோணன் அண்ணை, உங்கள் விளையாட்டில் நானும் ஒரு கவிழ்த்து வைத்த காய். திருப்பிப் பார்த்துவிட்டு வெத்து என்று விட்டுப் போவீர்கள். அந்தக் காய் அன்றைக்கு என்ன நினைத்தது என்று உங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறதா? கோபித்துக் கேட்கவில்லை. எனக்கு இதை விளையாட மனம் வராது, அவ்வளவுதான். நீங்கள் விளையாடுவதைப் பிழை என்றும் சொல்ல மாட்டேன்.

அறுகோணன் | கோவை | திங்கள் காலை 9.15

மட்டுவிலான், இதற்கு உடனே பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. எழுதியதற்கு நன்றி. மகனிடம் வாசித்துக் காட்டினேன். அவன் வெத்துக் காய் என்ற பேச்சையே விட்டுவிட்டான், ‘ஊர்க்காரர்’ என்கிறான் இப்போது.

நூலகப்பூனை | தஞ்சாவூர் | திங்கள் இரவு 8.20

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், மட்டுவிலான் எனக்கு முன்னால் சரியாகச் சொல்லிவிட்டார். ஒரு ஆட்டத்தில் எதற்குப் புள்ளி கொடுக்கிறோமோ அதைத்தான் ஆடுகிறவன் செய்வான். ஆளைக் கொன்றால் புள்ளி, பதுக்கலைப் பிடித்தால் புள்ளி என்றால், நல்லவனும் சாயங்காலத்துக்குள் வெஸ்ட்மோர்லண்டு ஆகிவிடுவான். அமெரிக்கர்கள் செய்த தப்பை இந்த ஆட்டம் காட்டவில்லை, நமக்கும் அதைப் பழக்கிவிடுகிறது.

பழைய_பெட்டி | பெங்களூரு | திங்கள் இரவு 9.40

பாதி ஒத்துக்கொள்கிறேன். மறுபாதி: அந்தத் தப்பைக் கையால் செய்து பார்த்த பிறகுதான் எனக்கு அது தப்பு என்று உறைத்தது. புத்தகத்தில் நூறு தடவை வாசித்தபோது உறைக்கவில்லை. அறுகோணன் பையனுக்கு வந்த அலுப்பு இருக்கிறதே, அதை எந்தக் கட்டுரையும் கொடுக்காது.

ஆட்டம் சரியாகச் சொன்னாலும் ஆடினவன் கேட்பான் என்று நிச்சயமில்லை. 1964 செப்டம்பரில் பென்டகனிலேயே ஒரு போர் ஆட்டம் நடந்தது, சிக்மா 2-64 என்று பெயர். ஜனாதிபதியின் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டி, விமானப்படைத் தலைவர் கர்ட்டிஸ் லெமே எல்லாரும் உட்கார்ந்து ஆடினார்கள். வடக்கே குண்டு போட்டாலும் அவர்கள் பணிய மாட்டார்கள், சண்டை நீளும் என்றுதான் ஆட்டம் காட்டியது. ஆறு மாதம் கழித்து, 1965 மார்ச்சில், தொடர் குண்டுவீச்சைத் தொடங்கினார்கள். 1969 ஏப்ரலில் அங்கே 5,43,000 அமெரிக்கத் துருப்புகள்.

ஊர்க்காரர் கதைக்கு பென் சுக். சைகோனுக்கு வடக்கே உள்ள கிராமம். 1967 ஜனவரியில் சீடர் ஃபால்ஸ் என்ற பெரிய நடவடிக்கையில் பட்டாளம் வந்து இறங்கி, அந்த ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்த சுமார் 6,000 பேரை மாடு, மூட்டையோடு முகாமுக்கு ஏற்றிவிட்டது. பிறகு புல்டோசரை விட்டுத் தரைமட்டமாக்கினார்கள். ஊர் இல்லையென்றால் ஊருக்குள் ஒளிய முடியாது என்பது கணக்கு. அடியில் சுரங்கம் இருந்தது. கொஞ்ச நாளில் கெரில்லாக்கள் திரும்பி வந்துவிட்டார்கள், ஊர்க்காரர்கள்தான் திரும்பவில்லை.

ஈப்போ_சிவா | மலேசியா | செவ்வாய் காலை 8.05

ஊரையே பெயர்த்து வைப்பது வியட்நாமில் தொடங்கிய சங்கதி இல்லை, எங்கள் நாட்டில் அதற்கு முன்னாலேயே செய்தார்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைத் தோட்டத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். அவசரகாலம் வந்தது, 1960 வரை ஓடியது. 1950-இல் பிரிக்ஸ் என்ற பிரிட்டிஷ் ஜெனரல் போட்ட திட்டப்படி சுமார் ஐந்து லட்சம் பேரை முள்வேலிக்குள் புதுக் கிராமங்களில் குடிவைத்தார்கள். பெரும்பாலும் சீனர்கள். ரப்பர் தோட்டத் தமிழர்களின் லயன் வீடுகளையும் ஒன்றாகச் சேர்த்து வேலி போட்டார்கள்.

எங்கள் தாத்தா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அவர் சொல்கிற அவசரகாலக் கதையில் துப்பாக்கியே வராது, சோறுதான் வரும். காலையில் வேலி வாசலில் சோதனை. வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது, காட்டில் இருப்பவனுக்குக் கொடுத்துவிடுவாய் என்று. வெறும் வயிற்றோடு போய் மரம் வெட்டி, பால் எடுத்து, திரும்பி வந்துதான் சாப்பாடு. அரிசிக்கு அளவு, டப்பா வாங்கினால் கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், வைத்திருந்து கொடுக்க முடியாதபடி.

உங்கள் ஆட்டத்தில் பதுக்கல் காய் என்கிறீர்களே, அதற்குள் அரிசி இருக்கிறதா, துப்பாக்கி இருக்கிறதா? என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே காயாக இருக்கக் கூடாது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனால் ஊர்க்காரன் மூச்சு விடமாட்டான். அரிசியை எடுத்தால் அவன் பிள்ளைக்கு இல்லை.

அறுகோணன் | கோவை | புதன் இரவு 11.10

நேற்று வீட்டில் நடந்ததை எழுதிவிடுகிறேன், தூக்கம் வரவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். முப்பது வருஷம் அடங்கலும் பட்டாவும் பார்த்தவர். இந்த ஆட்டங்கள் எதிலும் அக்கறை கிடையாது, “அட்டையை வைத்துக்கொண்டு என்னடா” என்பார். நேற்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தின் மேல் குனிந்தார். முதல் கேள்வி, “கிணறு எங்கே?” காட்டினேன், இல்லை என்று. “களம் எங்கே? சுடுகாடு?” இல்லை. “ஊர் என்று எழுதியிருக்கிறான், ஊரில் உள்ளது எதுவுமே இல்லையே.”

அப்புறம் வயல் கட்டத்தில் விரலை வைத்தார். “இந்த ஆளு வயலுக்குள்ள எப்படிப் போறான்? வரப்பு மேலயா, சேத்துக்குள்ளயா?” வயல் என்றால் வயல்தான், கூடுதல் செலவு, அவ்வளவுதான் என்றேன். சிரித்தார். “நடவு முடிஞ்ச வயல்ல பூட்ஸ் காலோட இறங்கினா முழங்கால் வரைக்கும் போகும், ஒரு ஏக்கர் தாண்ட அரை மணி ஆகும். வரப்பு மேல போனா அஞ்சு நிமிஷம். ஆனா வரப்பு மேல யார் போவான்னு எல்லாருக்கும் தெரியும். உங்க ஆளுக்குக் கண்ணி வைக்கணும்னா எங்கே வைப்பே?”

மகனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அங்கேயே உட்கார்ந்து வீட்டு விதி எழுதினோம். வயல் கட்டத்துக்குள் போகிறவர் வரப்பா, சேறா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சேறு என்றால் அந்தச் சுற்றில் அந்த ஒரு கட்டம்தான். வரப்பு என்றால் தாராளமாகப் போகலாம், ஆனால் வியட்காங் ஆட்டக்காரர் முன்கூட்டியே சீட்டில் எழுதிய இரண்டு வரப்புகளில் ஒன்றாக இருந்தால் ஓர் அணி காயம். அதோடு அப்பா சொன்ன இன்னொன்று: அதே ஊர்க்காரர் அதே வரப்பில் தினமும் நடக்கிறார், அவருக்குக் கண்ணி எங்கே என்று தெரியும். அமெரிக்க அணி ஒரு சுற்று நின்று ஊர்க்காரர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்க்கலாம். பார்த்துக்கொண்டு நின்றால் பொழுது போகும்.

நேற்று ஒரு ஆட்டம் முழுக்கப் பையன் இரண்டே தடவைதான் சுட்டான். மீதி நேரம் வரப்பா சேறா என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். சிவா, உங்கள் அரிசிக் காயையும் சேர்த்தோம். துப்பாக்கிப் பதுக்கலும் அரிசிப் பதுக்கலும் இப்போது தனித்தனி.

பழைய_பெட்டி | பெங்களூரு | வியாழன் காலை 6.30

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். அங்கே நடந்ததும் அதேதான். அணித்தலைவர்கள் வரப்பில் ஏறாதே என்று கத்துவார்கள், களைத்த பையன்கள் ஏறுவார்கள். வியட்நாமில் செத்த அமெரிக்கர்களில் நூற்றுக்கு 11 பேரைக் கொன்றது கண்ணியும் நிலவெடியும். காயம்பட்டவர்களில் அது நூற்றுக்கு 17. கண்ணி வைத்தவன் பக்கத்தில்கூட இருக்க மாட்டான், யாரைத் திருப்பிச் சுடுவது? அந்த ஆத்திரம் அடுத்த ஊரின் மேல் இறங்கும்.

பூனைக்கு ஒரு செய்தி. புள்ளி பற்றிய உங்கள் புகார் இந்தத் துறைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொண்ட ஒன்று, நாற்பது வருஷம் ஆனது. வோல்கோ ருன்கி என்று ஒருவர், சிஐஏவில் ஆய்வாளராக இருந்தவர், 2012-இல் கொலம்பியா நாட்டுப் போரை வைத்து ‘ஆண்டியன் அபிஸ்’ போட்டார். அந்த வரிசையில் 2014-இல் வியட்நாம், ‘ஃபயர் இன் தி லேக்’. நாலு பேர் ஆடுவது. நாலு பேருக்கும் வெவ்வேறு கணக்கு. அமெரிக்காவுக்கு மக்கள் ஆதரவும், வீட்டுக்குத் திரும்பிய துருப்பும். வியட்காங்குக்கு மக்கள் எதிர்ப்பும் தளமும். சைகோன் அரசுக்குக் கட்டுப்பாட்டில் உள்ள மக்கள் தொகையும், அதோடு, கேட்டுக்கொள்ளுங்கள், தன் ஆட்களுக்குச் சலுகை கொடுத்துச் சேர்த்த செல்வாக்கும். ஊழலுக்கே புள்ளி. கூட்டாளிகளான அமெரிக்காவும் சைகோனும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே ஆடுவார்கள். அதே வரிசையில் 2019-இல் ‘காந்தி’யும் வந்தது, 1917 முதல் 1947 வரை நம்ம நாடு. அதைத் தனி இழையாகப் பேசலாம்.

ஆனால் இவையெல்லாம் மாகாணம் மாகாணமாக ஆடுவது. ஒரு வயலில் ஒருவன் வரப்பா சேறா என்று நிற்பதை அதில் பார்க்க முடியாது. அதற்காகத்தான் நான் இந்தப் பழைய பெட்டியை விடாமல் வைத்திருக்கிறேன்.

மட்டுவிலான் | டொராண்டோ | வியாழன் இரவு 10.25

ஐயாவின் வரப்புக் கதையை இரண்டு தரம் வாசித்தேன். கிணறு எங்கே என்று கேட்டாரே, அது என் அம்மம்மா கேட்கக்கூடிய கேள்வி.

விதி எழுதுகிறீர்கள் என்றபடியால் ஒன்று சொல்லுகிறேன். ஊர்க்காரரைப் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று பிரிக்க வேண்டாம். ‘ஆதரவு’ என்று ஒரு எண்ணும் போட வேண்டாம். சனம் பகலில் வந்தவனுக்கும் ஓம் என்னும், இரவில் வந்தவனுக்கும் ஓம் என்னும். இரண்டும் பொய் இல்லை, இரண்டும் உண்மையும் இல்லை. யார் கடைசியாக வந்தான், யார் திரும்பவும் வருவான் என்பதுதான் கணக்கு. ஒரு ஊர் கட்டத்தில் அமெரிக்கன் வந்து கேட்டுவிட்டுப் போய், மூன்று சுற்று திரும்ப வராவிட்டால், அவனுக்குப் பதில் சொன்ன ஊர்க்காரரைப் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். யார் எடுத்தது என்று எழுத வேண்டாம்.

அறுகோணன் | கோவை | வெள்ளி காலை 7.00

எழுதிக்கொண்டேன். நாளைக்கு இந்த விதியோடு ஆடுகிறோம். அப்பா நடுவராக உட்காரச் சம்மதித்துவிட்டார்.

அறுகோணன் | கோவை | ஞாயிறு காலை 10.30

நேற்றைய ஆட்டம். மகன் அமெரிக்கன், நான் வியட்காங், அப்பா நடுவர். எதிரே வெள்ளைத்தாளில் மகன் தன் கணக்கை எல்லாரும் பார்க்க எழுதிக்கொண்டு வந்தான்: விழுந்த அணிகள், பிடித்த துப்பாக்கிப் பதுக்கல், பிடித்த அரிசிப் பதுக்கல். அப்பா சின்னத் துண்டுத் தாள் ஒன்றில் வேறு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டால், “நீ ஆடு” என்றார்.

ஐந்தாவது சுற்றில் பையன் கீழத்தெரு ஊரில் ஒருவரை விசாரித்தான். (அப்பா ஊர்களுக்குப் பெயர் வைத்துவிட்டார், வியட்நாமியப் பெயர் வாயில் நுழையவில்லையாம்.) பதில் சரியாக இருந்தது, என் துப்பாக்கிப் பதுக்கல் போயிற்று. பையனுக்கு உற்சாகம், உடனே மேலே காட்டுப் பக்கம் விரட்டிக்கொண்டு போனான். ஆறு, ஏழு, எட்டு. எட்டாவது சுற்று முடிவில் அப்பா ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி அந்த ஊர்க்காரர் காயை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பையன் பார்த்துக்கொண்டே இருந்தான். “அவர் என்ன தாத்தா செஞ்சார்?” என்றான். அப்பா பதில் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவன் எந்த ஊரிலும் யாரையும் கேட்கவில்லை. வரப்பை ஊகித்தே நடந்தான். இரண்டு அணி காயம். ஒன்பதரைக்கு அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பையன் கணக்கில் அவனுக்கு 14, எனக்கு 6.

தாயம்பன்னிரண்டு | மதுரை | ஞாயிறு காலை 10.44

அப்படியென்றால் தம்பிதானே ஜெயித்தான்? தாத்தா தாளில் என்ன இருந்தது?

அறுகோணன் | கோவை | ஞாயிறு காலை 11.20

அதைத்தான் நானும் கேட்டேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். சாப்பிட்டதும் படுத்துவிட்டார். இன்று காலை அம்மா அந்தச் சட்டையை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள். பையன் ஈரக் கூழை எடுத்து ஜன்னல் கம்பியில் காயப் போட்டிருக்கிறான், நீல மை மட்டும் தெரிகிறது. அப்பாவைக் கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறார். எனக்கென்னவோ ஞாபகம் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

ஈப்போ_சிவா | மலேசியா | ஞாயிறு மதியம் 1.15

அடுத்த தடவை தாத்தாவுக்குப் பை இல்லாத பனியன் கொடுங்கள் :)

மாமா பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். மிச்சப் பத்திரிகை இரண்டு கட்டு இருக்கும், அனுப்பவா? மஞ்சள் தடவாதது.